ரொறன்ரோவில் எடுத்த பாதிப் படம்

ஒரு படத்தின் பாதியை எடுத்துக்கொண்டு நான் கனடாவுக்குப் போனேன். மற்றப் பாதியை அங்கே எடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பொருத்தி, மன்னாரில் எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்ட வேண்டும். என் பெற்றோர் எனக்குக் கொடுத்தனுப்பிய வேலை இதுதான்.

முதற்பாதியில் அம்மாவும் அப்பாவும் இரண்டு கதிரைகளில் அமர்ந்திருக்கிறார்கள். வருகிற மார்கழியில் அவர்களுடைய திருமணத்துக்கு ஐம்பது ஆண்டுகள் நிறைகின்றன. அன்று பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி, குடும்பத்தவர் அனைவரும் இருக்கும் ஒரு படம் வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தார். வேறெதையும் அவர் கேட்கவில்லை. என் அக்கா ஜெசிந்தா, அத்தான் நிக்சன், அவர்களின் பிள்ளைகளான ஐந்து வயது நத்தாலி, இரண்டரை வயது ஏட்ரியன் ஆகிய நால்வரும் ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்னும் இடத்தில் வசிக்கிறார்கள். அத்தானுக்கு மார்கழியில் விடுமுறை கிடைக்கவில்லை, ஏட்ரியனுக்கு மூச்சிழுப்பு. அதனால் அவர்களால் வர முடியாது. பெற்றோரின் விசா விண்ணப்பம் இரண்டு முறை மறுக்கப்பட்டது. நிரந்தர வேலை உள்ளவள், திரும்பிவிடுவாள் என்று நம்பப்பட்டதாலோ என்னவோ, எனக்கு மட்டும் பத்து நாள்களுக்கு அனுமதி கிடைத்தது.

ஆகவே, எங்கள் பகுதியில் பலரும் செய்வதையே நாங்களும் செய்யத் தீர்மானித்தோம். மன்னாரில் ஒரு வீட்டுக்குப் போய், சுவரில் உள்ள குடும்பப் படத்தைச் சற்று நின்று கவனித்தால், எங்கோ ஒரு தோளின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியதுபோலக் கூர்மையாக இருக்கும். பாரிசில் உள்ள மகனும் சென்னையில் தங்கிவிட்ட மகளும் ஊரில் உள்ள தாயும் ஒரே தரைவிரிப்பில் நிற்பார்கள். யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. பார்க்கிறவர்கள், "நல்லா வந்திருக்கு" என்பார்கள்.

அம்மா எதையும் முன்கூட்டியே செய்து முடிப்பவர். இரண்டாவது மறுப்புக் கடிதம் வந்த தை மாதத்திலேயே தம் பாதியை எடுத்துவிட்டார். நத்தாலியின் தோள் எவ்வளவு உயரம் என்று அக்காவிடம் தொலைபேசியில் கேட்டு, அந்த உயரத்துக்கு ஒரு முக்காலியின் மேல் புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் தம் வலது கையை வைத்துக்கொண்டார். பிறகு முக்காலியும் புத்தகங்களும் கணினியில் அழிக்கப்பட்டன. இப்போது படத்தில் அம்மாவின் கை காற்றில் நிற்கிறது. அந்தக் கையின் கீழே நத்தாலியைக் கொண்டுபோய் நிறுத்துவது என் பொறுப்பு.

வியாழக்கிழமை மாலை ஸ்ரௌவ்வில் வந்து சேர்ந்தேன். ஒரே அச்சில் வார்த்தவைபோல வரிசையாகப் புதிய வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கார்கள். ஒவ்வொரு முற்றத்திலும் கைத்தடி அளவு தடிமன் உள்ள ஓர் இளமரம். நடந்துபோகிற ஒருவரையும் காணவில்லை. அக்கா என்னைக் கட்டிப்பிடித்த உடனேயே என் ஜக்கெற்றைக் கழற்றி வாங்கி, படிகளுக்குக் கீழே உள்ள அலுமாரிக்குள் வைத்துக் கதவை இறுக்கி மூடினார். நான் கொண்டுபோன கட்டாக் கருவாட்டை வீட்டுக்குள் அல்ல, கார் நிறுத்தும் அறையில் ஒரு சிறிய அடுப்பை வைத்துப் பொரித்தார்.

"ஜக்கெற்றில மணம் பிடிச்சுதெண்டால் பனிக்காலம் முடியுமட்டும் போகாது" என்றார். "வேலையில ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். ஆனா லிஃப்ற்றில கொஞ்சம் தள்ளி நிப்பினம்."

கருவாட்டின் மணத்தில் பிறந்து வளர்ந்த இரு பெண்கள், காரின் பின்பக்கத்தில் சாய்ந்துகொண்டு, மூடிய கதவுக்கு இந்தப் பக்கத்தில் நின்று, சோறும் கருவாடும் சாப்பிட்டோம். எனக்கு அது வருத்தமாக இல்லை. மிகுந்த சுவையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை படப்பிடிப்பாளரைச் சந்தித்து, பெற்றோரின் படத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அத்தான் வேலைக்குப் போகும் வழியில் என்னை ஸ்காபரோவில் ஒரு பேருந்துத் தரிப்பிடத்தின் அருகே இறக்கிவிட்டார். எண்ணையும் எழுதித் தந்திருந்தார். சரியான எண்ணுள்ள பேருந்து வந்தது, ஏறினேன். பேருந்து தன் ஒரு பக்கத்தைத் தாழ்த்தி, கைவண்டி தள்ளிவந்த முதியவர் ஒருவரை ஏற்றிக்கொண்டதைப் பார்த்து வியந்தேன். மன்னாரில் அம்மா ஒரு கையால் சேலையைத் தூக்கிக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பிடித்து, முழங்கால் உயரப் படியில் ஏறுவார். நடத்துநர் "கெதியா, கெதியா" என்பார். ஒரு நாடு தன் முதியவர்களை எப்படி மதிக்கிறது என்பதைப் பேருந்தின் படியிலேயே அளக்கலாம் என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, கடைகளும் அடுக்குமாடிகளும் மறைந்து ஏரி தெரிந்தது.

அருகில் அமர்ந்திருந்த கரீபியப் பெண்மணி என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "மகளே, நீ போகவேண்டிய இடம் உன் முதுகுப் பக்கம் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எங்கள் நாட்டில் வாகனங்கள் வீதியின் இடப்பக்கம் ஓடும், இங்கே வலப்பக்கம். நான் பழக்கத்தின்படி தவறான கரையில் நின்று ஏறியிருக்கிறேன். அந்தப் பெண்மணி தாமும் இறங்கி, என்னை வீதியைக் கடக்கச் செய்து, எதிர்ப்பக்கப் பேருந்து வரும்வரை நின்றார். "நாற்பது ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே செய்தேன்" என்றார். "அன்று என்னைக் கடக்க வைக்க யாரும் இல்லை."

பிளாசா எனப்படும் கடைத்தொகுதியில் உள்ள தேநீர்க்கடைக்கு முக்கால் மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். படப்பிடிப்பாளர் தயாபரன் அண்ணை இரண்டு மட்டன் ரோல்ஸை முடித்துவிட்டு மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தார். மட்டக்களப்புக்காரர், கிழமை நாள்களில் ஒரு களஞ்சியத்தில் வேலை, சனி ஞாயிறுகளில் குடும்பப் படங்கள். இலைகள் நிறம் மாறுவதற்கும் உதிர்வதற்கும் இடையிலுள்ள இரண்டு மூன்று வார இறுதிகளில், ஒரு பூங்காவில் இருபது நிமிடத்துக்கு ஒரு குடும்பமாக எடுத்துத் தள்ளுவாராம். நாளை எங்களுக்குப் பத்தே கால் மணி. அடுத்த வாரம் மரங்களில் இலை இராது. வேறு நாளும் இல்லை.

அவர் என் பெற்றோரின் படத்தைத் தம் மடிக்கணினியில் விரித்து நெடுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, படம் நல்லாத்தான் இரிக்கு. ஆனா இதுக்குள்ள வெயிலும் இரிக்கு."

"ஓம் அண்ணை, மன்னார்தானே."

"மூக்குக்குக் கீழ நிழலப் பாருங்க. அத நான் திருத்துவன். சேலைட கலரையும் மாத்துவன். ஆனா அம்மாட கை வெறுங்கை; அப்பாட சேட் மெல்லிசு. நாளைக்கு இஞ்ச நாலு டிகிரி. பக்கத்தில புள்ளைகள் ஜக்கெற்றோட நிண்டா, அம்மாவும் அப்பாவும் வேற நாட்டில இரிக்கிற மாதிரித்தான் தெரியும்."

"வேற நாட்டிலதானே அண்ணை இருக்கினம்."

அவர் சிரித்துவிட்டார். "அது தெரியக் கூடாதெண்டுதானே என்னட்ட வந்திரிக்கிறீங்க."

அவர் சொன்ன வழி எளிமையானது. பிள்ளைகளைச் சூடான வாகனத்தில் வைத்திருந்து, ஜக்கெற்றைக் கழற்றி, இரண்டு நிமிடம் வெளியே கொண்டுவந்து எடுத்துவிட்டு, உடனே உள்ளே அனுப்புவது. பலர் அப்படித்தான் செய்கிறார்களாம். நான் தலையாட்டினேன், ஆனால் திரும்பி வருகையில், இம்முறை சரியான கரையில் நின்று, அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றியே யோசித்தேன். கடந்த மாதம் ஏட்ரியன் மூச்சிழுத்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவன். இப்போதும் அக்காவின் கைப்பையில் அவனுக்கு மருந்து உறிஞ்சும் குழாயும் முகமூடியும் இருக்கின்றன. குளிர்காற்று அவனுக்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். அக்கா பிள்ளைகளுக்கு மக்கரோனியும் எங்களுக்குப் புட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிசம்தானே. ஓடிப்போய் ஓடி வரலாம்" என்றார்.

நத்தாலி எங்கள் பேச்சைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும். பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். "அம்மம்மாவும் அம்மப்பாவும் நாளைக்கு வருகிறார்களா?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா, படத்தில மட்டும் வருவினம்" என்றார் அத்தான்.

அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். "அது கள்ள விளையாட்டு" என்று ஆங்கிலத்தில் தீர்ப்பளித்தாள்.

அந்தச் சொல் என்னைத் தொட்டது. அதே ஐயம் எனக்கும் இருந்தது. வளர்ந்த பிறகு இப்பிள்ளை அம்மம்மா கனடாவுக்கு வந்ததாக நினைவு வைத்துக்கொண்டால், அது யாருடைய பிழை? எதற்கும் இருக்கட்டுமென்று, இந்தப் படத்தை அம்மாவின் அடுத்த விசா விண்ணப்பத்துடன் ஒருபோதும் இணைக்கக் கூடாது என்று அக்காவிடமும் அத்தானிடமும் உறுதி கேட்டேன்.

"மச்சாள், நீங்கள் கலியாண வீட்டில பந்தியில இருந்தும் சட்டம் கதைப்பியள்" என்றார் அத்தான். ஆயினும் உறுதி தந்தார்.

சனிக்கிழமை காலை ரூஜ் ஆற்றுப் பக்கத்தில் உள்ள பூங்காவுக்குப் போனோம். இலைகளைப் பற்றி நான் கேள்விப்பட்டது எதுவும் மிகையல்ல. ஆற்றங்கரை முழுவதும் மஞ்சளும் செம்மஞ்சளும். நடுவில் ஒரே ஒரு மேப்பிள் மரம் மட்டும் குங்குமச் சிவப்பு. அந்த மரத்துக்கு முன்னால் வரிசை நின்றது. கடுகு மஞ்சளில் ஒரு சீனக் குடும்பம், கருநீலத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரே துணியில் சட்டை தைத்த ஒரு தமிழ்க் குடும்பம், கழுத்தில் பட்டி கட்டிய இரண்டு நாய்கள். நாய்களுக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு தாய் பற்களைக் கடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்; ஒரு தந்தை பொம்மையைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டிருந்தார்; ஒரு குழந்தை வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. மொழிகள்தாம் வேறு. "இங்கே பார், பார்த்தால் டோனட்" என்று சொல்லும் தொனி எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

எங்கள் முறை வந்தது. தயாபரன் அண்ணை புல்லின்மேல் இரண்டு மடிப்புக் கதிரைகளை வைத்தார். கமெராவுடன் இணைத்த ஒரு பெரிய திரையில், மன்னார்ப் படத்தை மெல்லிய நிழல்போல விழச் செய்தார். வெற்றுக் கதிரைகளில் அம்மாவும் அப்பாவும் பாதி தெரியும்படி அமர்ந்திருந்தார்கள்; அவர்களுக்கூடாகச் சிவப்பு மரம் தெரிந்தது. அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏழு ஆண்டுகளாக அவர் அம்மாவின் அருகே நின்றதில்லை.

"சரி, புள்ளைகள இறக்குங்க" என்றார் தயாபரன் அண்ணை.

ஜக்கெற்றுகள் கழற்றப்பட்டன. கடுகு மஞ்சள் பருத்திச் சட்டையில் நத்தாலி பற்கள் நடுங்க ஓடிவந்து, அம்மாவின் கதிரைக்கு வலப்பக்கத்தில் நின்றாள். ஏட்ரியனை அத்தான் தூக்கிவந்தார். காற்று ஆற்றிலிருந்து நேராக வந்தது.

"ஆ, ஆடாத... இஞ்ச பாரு மகன்... இன்னும் ஒண்டு, புள்ள ஆடிட்டான்."

திரையைப் பார்த்த தயாபரன் அண்ணை நெற்றியைச் சுருக்கினார். அம்மாவின் கை நத்தாலியின் தோளில் விழவில்லை. நான்கு விரற்கடை கீழே, அவளுடைய மேற்கையைப் பிடித்து இழுப்பதுபோல விழுந்திருந்தது.

"இந்த அளவு எப்ப எடுத்த?"

"தையில" என்றார் அக்கா. பிறகு மெதுவாகச் சேர்த்தார்: "வீட்டுக்குள்ள வச்சு. வெறுங்காலோட."

பிள்ளை ஒன்பது மாதம் வளர்ந்திருக்கிறாள். தடித்த அடியுள்ள சப்பாத்தும் போட்டிருக்கிறாள். அம்மாவோ செருப்பை வாசலில் கழற்றும் வீட்டில் இருந்துகொண்டு அளவு கேட்டார். அக்கா செருப்பைக் கழற்றிய பிள்ளையை அளந்து சொன்னார். வெளியில் நின்று எடுக்கப்போகும் படத்துக்குச் சப்பாத்தோடு அளக்க வேண்டும் என்று இரண்டு நாட்டிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

"சப்பாத்தையும் கழற்றுவம்" என்றார் அக்கா. "கொஞ்சம் முழங்கால மடிச்சு நில்லு, நத்தாலி."

அப்போது ஏட்ரியன் இருமினான். ஒரு முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை இருமலின் முடிவில் ஒரு சன்னமான விசில் ஒலி கேட்டது. நான் அவனை அத்தானிடமிருந்து வாங்கி, என் ஜக்கெற்றுக்குள் அணைத்துக்கொண்டு, வாகனத்தை நோக்கி நடந்தேன்.

"மரினா, ஒரு நிமிசம்!" என்று அக்கா கத்தினார். "ஒரே ஒரு படம்!"

"ஏலாது அக்கா. இந்தப் பிள்ளைக்கு மூச்சிழுத்தால் ஆர் பொறுப்பு? சுவரில ஒரு படம் தொங்கிறதுக்கு..."

"உனக்கென்ன!" அவர் குரல் உடைந்தது. "நீ அங்க அம்மாவோட இருக்கிறாய். உன்னை ஆரும் வெட்டி ஒட்டத் தேவையில்லை."

வரிசையில் நின்ற பஞ்சாபிக் குடும்பம் கண்ணியமாக வேறு பக்கம் பார்த்தது. அவர் சொன்னது உண்மை. தினமும் அம்மாவின் கையால் தேநீர் வாங்கிக் குடிக்கிறவள், அதற்காக ஏங்குகிறவளுக்கு நியாயம் கற்பிப்பது எளிது. ஆனாலும் ஏட்ரியனை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வாகனத்தில் ஏற்றி, முகமூடியை அவன் முகத்தில் பொருத்தி, மருந்தை இரண்டு முறை அழுத்தி, மூச்சுகளை எண்ணினேன். ஆறாவது மூச்சில் விசில் குறைந்தது. அக்காவும் வந்து வாகனக் கதவருகில் நின்று எண்ணினார். நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் ஒரே எண்களைச் சொன்னோம்.

"பன்னிரண்டு நிமிசம் இரிக்கு" என்றார் தயாபரன் அண்ணை, வெளியிலிருந்து, யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.

நான் தொலைபேசியை எடுத்து மன்னாருக்கு அழைத்தேன். அங்கே இரவு எட்டு மணிக்குச் சற்று முன். அம்மா செபமாலையைக் கையில் வைத்தபடியே திரையில் தோன்றினார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். முகமூடி போட்ட பேரனை ஒரு பார்வை பார்த்தார்.

"முதல்ல பிள்ளைக்கு ஜக்கெற்றைப் போடுங்கோ" என்றார். "என்ன விசர் வேலை இது, ஜெசி?"

"அம்மா, உங்கட படத்தோட பொருந்தாதாம்."

"பொருந்தாட்டி என்ர படத்தைக் கிழிச்சு எறி. நாங்கள் ரெண்டு பேரும் இஞ்ச இன்னொருக்கா எடுக்கிறம். ஜக்கெற்றெண்டால் ஜக்கெற், தொப்பியெண்டால் தொப்பி. ரெண்டை மரினாட்டக் குடுத்துவிடு. எங்களுக்கு வேர்த்தால் வேர்க்கட்டும்."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "ஆர், நானுமோ?"

"நீங்களும்தான்!"

முடிவு அவ்வளவு விரைவாகக் கிடைத்தது. நன்மை தீமைகளைத் தராசில் வைத்துப் பார்க்கும் படிப்பைப் படித்தவள் நான். ஆயினும், பிள்ளைகளை மாற்றாமல் பெரியவர்களை மாற்றலாம் என்பது எனக்கு இரண்டு நாள்களாகத் தோன்றவே இல்லை.

ஏட்ரியனின் ஜக்கெற் கிளிப்பச்சை; தலைமூடியின் மேல் டைனோசரின் முட்கள் வரிசையாக நின்றன. நத்தாலியினது ஊதா. அக்கா ஒரு மாதமாகத் திட்டமிட்ட கடுகு மஞ்சள் நிறம் ஒரு நொடியில் மறைந்தது. அவர் தம் பிள்ளைகளைப் பார்த்தார். சிவப்பு மரத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "கிளி மாதிரி இருக்கிறான்" என்றார்.

குளிர் தெரியாத பிள்ளைகள் வேறு பிள்ளைகள். ஏட்ரியன் அத்தானின் தோளில் இருந்து டைனோசர்போல உறுமினான். அக்கா அப்பாவின் கதிரைக்குப் பின்னால் நின்று, அதன் முதுகில் கை வைத்தார். நான் அவருக்கு அருகில் நின்றேன். நத்தாலி அம்மாவின் கதிரைக்கு அருகில், ஒரு மரியாதையான இடைவெளி விட்டு, நிமிர்ந்து நின்றாள்.

"எல்லாரும் இஞ்ச... நல்லம்... இன்னும் ஒண்டு. ஆரோ ஆடிட்டீங்க."

"நான் இல்லை" என்றாள் நத்தாலி, இம்முறை தமிழில். வெற்றுக் கதிரையைத் திரும்பிப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னாள்: "அம்மம்மாதான் ஆடினவா. அம்மம்மா, கமெராவைப் பாருங்கோ!"

தயாபரன் அண்ணை சிரித்த சிரிப்பில் கமெரா ஆடியது. வரிசையில் நின்றவர்களும் மொழி விளங்காமலே சிரித்தார்கள். எனக்கு அதுவரை இருந்த ஒரு கவலை அந்த இடத்திலேயே தீர்ந்தது. எது உண்மை, எது விளையாட்டு என்பதை இந்தப் பிள்ளை எங்கள் எல்லோரையும் விடத் தெளிவாக அறிந்திருக்கிறாள். நேற்று அதைக் கள்ள விளையாட்டு என்றவள், இன்று தானும் அதில் சேர்ந்துகொண்டிருக்கிறாள்.

அன்று பிற்பகல் வழியில் ஒரு கடையில் நின்று கொத்துரொட்டி கட்டிக்கொண்டோம். வாகனத்துக்குள்ளேயே, ஜன்னல்கள் மூடியிருக்க, ஜக்கெற்றுகளைப் போட்டபடியே சாப்பிட்டோம். மணம் பிடிக்கும் என்று அக்கா சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, முன்னிருக்கையிலிருந்து திரும்பாமலே, "கோவிக்காதை" என்றார்.

"நான் கோவிக்கேல்லை அக்கா. நீங்கள் சொன்னது சரி."

"சரிதான். ஆனா சொல்லியிருக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நத்தாலியைச் சப்பாத்தோடும் ஜக்கெற்றோடும் நிறுத்தினோம். நிலத்திலிருந்து அவள் தோள்வரை ஒரு சணல் நூலைப் பிடித்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன். நத்தாலி இரண்டாவது முடிச்சும் போடச் சொன்னாள். ஒன்று அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்பது அவள் வாதம். போட்டேன். தயாபரன் அண்ணை தொலைபேசியில் விதிகளைச் சொன்னார்: வெயிலில் எடுக்கக் கூடாது, மேகம் மூடிய காலை வேண்டும், வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும், கமெரா அம்மாவின் நெஞ்சு உயரத்தில் இருக்கவேண்டும்.

"கீழ முழங்காலோட வெட்டிருவன் தங்கச்சி. அதுக்குக் கீழ அப்பா என்ன உடுத்தாலும் பரவாயில்ல."

அக்கா தம் புதிய கருஞ்சிவப்பு ஜக்கெற்றை அம்மாவுக்குத் தந்தார். "உங்களுக்கு?" என்று கேட்டேன். "பழசு இருக்கு" என்றார். அத்தான் தம் கருநீல ஜக்கெற்றையும் கம்பளித் தொப்பியையும் தந்தார். மிஞ்சிய நாள்கள் விருந்துகளிலும் கடைகளிலும் கழிந்தன. கடைசியில் பெட்டி நிறுக்கப்பட்டபோது எடை மிஞ்சியது. ஆகவே இரண்டு ஜக்கெற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நானே அணிந்துகொண்டு பயணம் செய்தேன். இடையில் விமானம் மாறிய பாலைவன நகரத்தின் நிலையத்தில், ஒரு துப்புரவுப் பணியாளர், தெலுங்கராக இருக்கலாம், என்னைப் பார்த்து இரங்கி, "காய்ச்சலா அம்மா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

மன்னாரில் மாரி தொடங்கியிருந்தது. நான் வந்த நான்காம் நாள் காலை, வானம் ரொறன்ரோவின் வானத்தைப் போலவே சாம்பல் பூசி நின்றது. எங்கள் வீட்டுப் பின்வளவில் இரண்டு கதிரைகளைப் போட்டோம். தை மாதம் படம் எடுத்த அதே ஸ்ரூடியோத் தம்பி கமெராவோடு வந்தார். மதிலுக்கு மேலாகப் பக்கத்து வீட்டு அன்ரியின் முகம் வந்தது. எங்கிருந்தோ இரண்டு கழுதைகளும் வந்தன.

அப்பா கருநீல ஜக்கெற்றின் கீழே சாரம் உடுத்தியிருந்தார். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "குளிர் பொறுக்கேல்லை" என்றார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. மதிலுக்கு மேலே அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கருஞ்சிவப்பு ஜக்கெற்றின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டி, நெற்றியைத் துவாயால் ஒற்றிவிட்டு, நேராக அமர்ந்தார்.

நான் சணல் நூலை நிலத்திலிருந்து பிடித்து, முடிச்சின் உயரத்துக்கு முக்காலியின்மேல் புத்தகங்களை அடுக்கினேன். தை மாதத்தில் ஐந்து புத்தகங்கள் போதுமாக இருந்தன. இப்போது ஒன்பது வேண்டியிருந்தன. அம்மா கையை வைத்தார். வைத்த கையை ஒரு முறை பார்த்தார்.

"இவ்வளவு வளந்திட்டாளோ?"

"சப்பாத்தோட அம்மா."

"ம்." விரல்களைச் சற்றுத் தளர்த்தி, புத்தகங்களை அழுத்தாமல் மிருதுவாக வைத்துக்கொண்டார்.

தம்பி நான்கைந்து படங்கள் எடுத்தார். கழுதைகளைக் கல்லெறியாமல் துரத்துமாறு நான் கேட்டுக்கொண்டேன். "காணும் அம்மா, வடிவா வந்திருக்கு" என்று தம்பி சொன்னதும், அப்பா தொப்பியைக் கழற்றி விசிறத் தொடங்கினார். நான் முக்காலியை எடுக்கப் போனேன். அம்மா கையை எடுக்கவில்லை.

"தொப்பியைப் போடுங்கோப்பா" என்றார். பிறகு கமெராவைப் பார்த்து, "இன்னும் ஒண்டு எடுங்கோ தம்பி. பிள்ளை ஆடிப்போட்டாள்."